சிங்கப்பூரில் முதன்முறை ஆள் வைத்து வேலை வாங்குகிறீர்களா? முதலாளிக்கும் சூப்பர்வைசருக்கும் ஒரு வழிகாட்டி

சிங்கப்பூரில் சாப்பாட்டுக் கடையோ மினிமார்ட்டோ சின்ன காண்ட்ராக்ட் கம்பெனியோ தொடங்கி, நாலைந்து பேரை வேலைக்கு எடுக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நேற்றுவரை மற்றவர்களோடு சேர்ந்து வேலை பார்த்துவிட்டு இன்று சூப்பர்வைசர் ஆகியிருப்பவர்களுக்கும் இது பொருந்தும். சொல்லப்போனால் அவர்களுக்குத்தான் அதிகம் பொருந்தும்.

சிறு நிறுவனங்கள் மனிதவள அமைச்சிடம் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் பெரிய மோசடியால் அல்ல. ஓடி (ஓவர்டைம், அதாவது கூடுதல் நேர வேலை) கணக்கு, ஓய்வு நாள் சம்பளம், பிடித்தம், கையெழுத்து வாங்காமல் கொடுத்த ரொக்கம் என்று அன்றாட விஷயங்களில்தான் சிக்கல் வருகிறது. இவற்றில் பாதியை முதலாளி முடிவு செய்வதே இல்லை. "தம்பி, இன்னிக்கு ஒன்பது வரைக்கும் நில்லு, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சைட்டிலோ அடுப்படியிலோ நிற்கிற சூப்பர்வைசர் சொல்லிவிடுகிறார். அந்த இரண்டு மணி நேரத்துக்கான கடன் அப்போதே கம்பெனி தலையில் ஏறிவிடுகிறது. எழுதி வைக்காததால் மாதக் கடைசியில் சம்பளம் போடுகிறவருக்கு அது தெரிவதில்லை. ஆனால் ஊழியர் தன் போனில் குறித்து வைத்திருப்பார்.

முதலில், யாருக்கு எந்தச் சட்டம்

சிங்கப்பூரின் வேலை நியமனச் சட்டம் 1968இல் வந்தது. 2019 ஏப்ரல் 1 முதல் மேலாளர், நிர்வாகி உட்பட ஏறக்குறைய எல்லா ஊழியர்களுக்கும் அது பொருந்துகிறது. உள்ளூர்க்காரர், வேலை பெர்மிட்டில் வெளிநாட்டிலிருந்து வந்தவர், பகுதிநேர வேலையாள் என்ற பேதம் இதில் இல்லை. கப்பல் பணியாளர்கள், இல்லப் பணிப்பெண்கள், அரசாங்க ஊழியர்கள் இதில் வர மாட்டார்கள். அவர்களுக்குத் தனி விதிகள் இருக்கின்றன.

இந்தச் சட்டத்தின் நான்காம் பகுதி எல்லாருக்கும் உரியது அல்ல. வேலை நேரம், ஓடி, ஓய்வு நாள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. உடலுழைப்புத் தொழிலாளர் என்றால் மாத அடிப்படைச் சம்பளம் 4,500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அதில் வருவார்கள். மற்ற ஊழியர்கள் 2,600 வெள்ளி வரை. துப்புரவாளர், கட்டுமானத் தொழிலாளர், இயந்திரம் ஓட்டுபவர், லாரி டிரைவர், வேன் டிரைவர் எல்லாரும் முதல் வகை. கல்லாவில் இருப்பவர், அலுவலகத்தில் கணக்கு எழுதுபவர் இரண்டாம் வகை.

சூப்பர்வைசர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அட்டையில் சூப்பர்வைசர் என்று போட்டிருந்தாலும், உங்கள் வேலை நேரத்தில் பாதிக்கு மேல் நீங்களே கையால் வேலை செய்கிறீர்கள் என்றால் சட்டத்தின் கண்ணில் நீங்களும் உடலுழைப்புத் தொழிலாளர்தான். அப்போது உங்களுக்கும் ஓடி உண்டு. "சூப்பர்வைசருக்கு ஓடி கிடையாது" என்று சொல்லி முடித்துவிடும் முதலாளிகள் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஆள் எடுக்கும்போது

விளம்பரத்திலிருந்தே கவனம் வேண்டும். "இந்தியர் மட்டும்", "35 வயதுக்குள்", "பெண்கள் தேவை" என்று வாட்ஸ்அப் குழுவில் போடுவது நம் கடைகளில் சர்வசாதாரணம். நியாயமான வேலை நியமனத்துக்கான முத்தரப்பு (அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கம்) வழிகாட்டி நெறிகளின்படி இது தவறு. வேலைக்கு ஒரு மொழி உண்மையிலேயே தேவை என்றால் அந்தக் காரணத்தைச் சொல்லி மொழியைக் கேட்கலாம், இனத்தைக் கேட்கக் கூடாது. 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் பணியிட நியாயச் சட்டத்தையும் நிறைவேற்றிவிட்டது. அது நடைமுறைக்கு வரும்போது 25 பேருக்குக் குறைவாக வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு ஆரம்பத்தில் விலக்கு உண்டு. ஆனாலும் மேலே சொன்ன நெறிகள் அவர்களுக்கும் உரியவையே.

வெளிநாட்டு ஊழியர் என்றால் வேலை பெர்மிட்டுக்கு விண்ணப்பித்ததும் ஐபிஏ என்கிற கொள்கையளவு ஒப்புதல் கடிதம் வரும். அடிப்படைச் சம்பளம், நிரந்தரப் படிகள், மாதப் பிடித்தங்கள் எல்லாம் அதில் இருக்கும். ஊழியரின் தாய்மொழியிலும் ஒரு பிரதி உண்டு. அவர் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே அதை அவர் கையில் சேர்த்துவிட வேண்டும். ஏஜெண்ட் கொடுத்திருப்பார் என்று விட்டுவிடாதீர்கள். ஊரில் ஒரு சம்பளம், இங்கே ஒரு சம்பளம் என்ற சண்டைகளில் பெரும்பகுதி இந்தக் கடிதம் கைக்குப் போகாததால்தான் வருகிறது.

ஐபிஏவில் எழுதிய நிரந்தர மாதச் சம்பளம் ஒரு வாக்குறுதி. சைட்டில் வேலை இல்லை, மழை, மெயின் காண்ட்ராக்டர் இன்னும் பணம் கொடுக்கவில்லை என்ற காரணங்களுக்காக அதைக் குறைக்க முடியாது. வேலை இல்லாத நாளுக்கும் அது உண்டு. குறைத்தே ஆக வேண்டும் என்றால் ஊழியரின் எழுத்துப்பூர்வ சம்மதத்தை வாங்கி, அமைச்சுக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

பெர்மிட்டில் எந்த முதலாளி, என்ன வேலை என்று இருக்கிறதோ அதை மட்டுமே செய்ய வைக்கலாம். இந்திய உணவகங்களுக்குச் சமையல்காரரை இந்தியாவிலிருந்து பெர்மிட்டில் எடுக்க 2023 செப்டம்பரிலிருந்து வழி இருக்கிறது, மாதம் குறைந்தது 2,000 வெள்ளி நிரந்தரச் சம்பளம் என்ற நிபந்தனையோடு. அப்படி வந்தவரைக் கூட்ட நேரத்தில் கல்லாவில் உட்கார வைப்பதும், "மச்சான் கடையில ஆள் இல்ல, ரெண்டு நாள் போய் நில்லுப்பா" என்று அனுப்புவதும் குற்றம். மச்சானுக்குத்தான் பெரிய அடி விழும்: முறையான பெர்மிட் இல்லாத ஆளை வேலை வாங்கியதற்கு 5,000 முதல் 30,000 வெள்ளி வரை அபராதம், ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

வெளிநாட்டு ஊழியருக்காக அரசாங்கத்துக்குக் கட்டும் லெவி, மருத்துவக் காப்புறுதி, மலேசியர் அல்லாத பெர்மிட்காரருக்கான 5,000 வெள்ளி பாதுகாப்புப் பத்திரம் எல்லாம் முதலாளியின் செலவு. ஒரு காசுகூட ஊழியரிடம் வாங்கக் கூடாது. காப்புறுதி ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கு இருக்க வேண்டும். தங்குமிடமும் மருத்துவச் செலவும் உங்கள் பொறுப்புதான். பாஸ்போர்ட்டை "பத்திரமாக" உங்கள் மேசை டிராயரில் வைத்துக்கொள்ளும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அடுத்தவர் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்துக்கொள்வது இங்கே குற்றம்.

இனி கசப்பான விஷயம். பெர்மிட் ரினிவலுக்கு ஊழியரிடம் பணம் வாங்குவது. இதை முதலாளி செய்வதைவிட இடையில் இருக்கும் சூப்பர்வைசர் செய்வதுதான் அதிகமாகக் காதில் விழுகிறது. "அண்ணே, ஓனர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று தம்பி வந்து நிற்பார். "பார்க்கலாம், ஒரு மாசச் சம்பளம் ஆகும்" என்று அண்ணன் சொல்வார். ஊழியர் தானாக மனமுவந்து கொடுத்தார், அன்பளிப்பு, கடன் என்று எந்தப் பெயர் வைத்தாலும் வேலை கொடுப்பதற்கோ தொடர்வதற்கோ வாங்கிய பணம் வாங்கியதுதான். ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் 30,000 வெள்ளி வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். முதலாளிக்கு ஒரு யோசனை: ரினிவல் முடிவை நீங்களே ஊழியரிடம் நேரடியாகச் சொல்லுங்கள். இடையில் ஒருவர் கையில் அந்தச் சாவி இருக்கும்வரை இது நடக்கத்தான் செய்யும்.

முதல் பதினான்கு நாள்: முக்கிய நிபந்தனைகளை எழுதிக் கொடுப்பது

ஊழியர் வேலையைத் தொடங்கி 14 நாளுக்குள் முக்கிய வேலை நிபந்தனைகளை எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். தாளாக இருக்கலாம், மின்னஞ்சலாகவும் இருக்கலாம். வேலையின் பெயர், பொறுப்புகள், வேலை தொடங்கிய நாள், வேலை நேரம், ஓய்வு நாள், அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தங்கள், ஓடி விகிதம், விடுப்பு, தகுதிகாண் காலம், நோட்டீஸ் காலம் ஆகியவை அதில் இருக்க வேண்டும். அமைச்சின் இணையத்தளத்தில் மாதிரிப் படிவம் கிடைக்கிறது, அதையே நிரப்பிக் கொடுத்தால் போதும். வக்கீலைத் தேடி அலைய வேண்டாம்.

"சம்பளம் 1,800, எல்லாம் சேர்த்து" என்று எழுதுகிற வழக்கத்தை மட்டும் நிறுத்துங்கள். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, சாப்பாட்டுப் படி எவ்வளவு, ஓடி எத்தனை மணி நேரத்துக்கு எவ்வளவு என்று பிரிக்காவிட்டால், பிறகு தகராறு வரும்போது அந்த 1,800 முழுவதும் அடிப்படைச் சம்பளம் என்று ஊழியர் வாதாடலாம். அதன்மேல் ஓடி தனியாகக் கணக்காகும்.

வேலை நேரமும் ஓடியும்

நான்காம் பகுதியில் வருபவர்களுக்குப் பொதுவாக நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 44 மணி நேரம். அதற்கு மேல் போனால் ஓடி, மணிக்கு அடிப்படை விகிதத்தைப் போல ஒன்றரை மடங்கு. ஓடியும் சேர்த்து ஒரே நாளில் 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. மாதத்தில் ஓடி 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. இடைவேளை இல்லாமல் தொடர்ந்து 6 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கவும் பொதுவாக அனுமதி இல்லை.

மாதச் சம்பளக்காரருக்கு மணி விகிதம் கண்டுபிடிக்க ஒரே ஒரு வாய்ப்பாடுதான்: மாத அடிப்படைச் சம்பளத்தை 12ஆல் பெருக்கி, 52ஐயும் 44ஐயும் பெருக்கி வரும் 2,288ஆல் வகுக்க வேண்டும். 1,000 வெள்ளி வாங்குபவருக்கு மணிக்கு 5.24 வெள்ளி, ஓடி மணிக்கு 7.87 வெள்ளி. ஆனால் பல கடைகளில் 1,000ஐ 26ஆல் வகுத்து, அதை 8ஆல் வகுத்து, ஒன்றரையால் பெருக்கி 7.21 என்று போடுகிறார்கள். வித்தியாசம் 66 காசுதானே என்று தோன்றும். நாளுக்கு 2 மணி நேரம், 26 நாள் என்றால் ஒருவருக்கு மாதம் 34 வெள்ளி குறைகிறது. பத்துப் பேர், ஒரு வருடம் என்றால் நாலாயிரம் வெள்ளியைத் தாண்டிவிடும். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, யாரோ எப்போதோ போட்டு வைத்த எக்செல் தாளை எல்லாரும் நகல் எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். உங்கள் தாளை இன்றே திறந்து, அதில் 26 என்ற எண் எங்கே வருகிறது என்று பாருங்கள்.

எது வேலை நேரம் என்பதிலும் குழப்பம் உண்டு. ஊழியர் முதலாளியின் கட்டளைக்கு உட்பட்டு நிற்கும் நேரம், தன் இஷ்டத்துக்கு எங்கும் போக முடியாத நேரம், அதுதான் வேலை நேரம். சாப்பாட்டு இடைவேளையும் ஓய்வு இடைவேளையும் மட்டும் கழியும். அதனால் எட்டு மணி வேலைக்கு ஏழே முக்காலுக்கு வரச்சொல்லி டூல்பாக்ஸ் மீட்டிங் (வேலைக்கு முன் நடக்கும் பாதுகாப்புப் பேச்சு) போட்டால் அந்தக் கால் மணி நேரமும் கணக்கில் வரும். கடை மூடியபின் அடுப்பு கழுவும் அரை மணி நேரமும் அப்படித்தான்.

இதற்கெல்லாம் ஒரே மருந்து, சூப்பர்வைசர் அன்றன்றே டைம்ஷீட் எழுதி ஊழியரிடம் கையெழுத்து வாங்குவது. வாரக் கடைசியில் நினைவிலிருந்து எழுதினால் எல்லா நாளும் 8 முதல் 7 வரை என்று ஒரே மாதிரி இருக்கும். அதைப் பார்த்த உடனேயே விசாரிக்கிற அதிகாரிக்குச் சந்தேகம் வரும். எழுதாத வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கி வைக்கும் வேலையைச் செய்யவே செய்யாதீர்கள்.

ஓய்வு நாள், பொது விடுமுறை

வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. அது ஞாயிறாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, ஆனால் எந்த நாள் என்று முன்கூட்டியே தெரிவித்திருக்க வேண்டும். ஓய்வு நாளுக்குச் சம்பளம் கிடையாது. அன்றைக்கு வேலை பார்த்தால் கணக்கு யார் கேட்டார்கள் என்பதைப் பொறுத்தது. முதலாளி கேட்டு வந்தால், வழக்கமான நேரத்தில் பாதி வரை ஒரு நாள் சம்பளம், பாதிக்கு மேல் இரண்டு நாள் சம்பளம். ஊழியர் தானாகக் கேட்டு வந்தால் அரை நாள், ஒரு நாள். வழக்கமான நேரத்தையும் தாண்டினால் அதற்குமேல் ஓடி.

இங்கேதான் சூப்பர்வைசரின் வாய் முக்கியம். "ஞாயிறு வர்றியா?" என்று நீங்கள் கேட்டால் அது முதலாளி கேட்டதுதான். எல்லாரிடமும் "நானாகவே கேட்டு வந்தேன்" என்று எழுதி வாங்கி வைத்தால் அது செல்லும் என்று நினைப்பவர்கள் உண்டு. சைட்டில் முப்பது பேரும் ஒரே ஞாயிற்றுக்கிழமை தானாகவே வேலை கேட்டார்கள் என்றால் யார் நம்புவார்கள்?

தீபாவளி, ஹரிராயா, சீனப் புத்தாண்டு உட்பட ஆண்டுக்கு 11 பொது விடுமுறை நாள்கள் சம்பளத்தோடு உண்டு. அன்றைக்கு வேலை வாங்கினால் மாதச் சம்பளத்துக்கு மேல் ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். பொது விடுமுறை ஓய்வு நாளில் வந்தால் அடுத்த வேலை நாள் விடுமுறை. தீபாவளி அன்று கடையைத் திறந்து வைக்கும் நம் உணவகங்கள் இதை முன்பே கணக்கில் எடுத்துக்கொள்வது நல்லது.

சம்பளம், பே ஸ்லிப், பிடித்தம்

மாதம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளம், 14 நாளுக்குள் ஓடி. இரண்டையும் ஒரே நாளில் போட்டால் இன்னும் நல்லது. முடிந்தவரை வங்கி வழியாகவே போடுங்கள். ரொக்கமாகக் கொடுத்து இரண்டு பக்கமும் நட்பாக இருக்கும்வரை பிரச்சினை இல்லை, நட்பு போனபின் நிரூபிக்க வழி இல்லை.

சம்பளத்தோடு, அல்லது அதிகபட்சம் 3 வேலை நாளுக்குள், பே ஸ்லிப் கொடுக்க வேண்டும். அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தங்கள், ஓடி எத்தனை மணி நேரம், ஓடி எவ்வளவு, எந்தக் காலத்துக்கு, கையில் வரும் தொகை எவ்வளவு என்று தனித்தனியாக இருக்க வேண்டும். கையால் எழுதினாலும் செல்லும். வேலையில் இருப்பவர்களுக்குக் கடைசி இரண்டாண்டுப் பதிவுகளை வைத்திருங்கள், விலகியவருடைய கடைசி இரண்டாண்டுப் பதிவுகளை அவர் போன பிறகும் ஓராண்டு வைத்திருக்க வேண்டும். சம்பளம் கொடுக்காமல் விட்டதற்கு முதல் குற்றத்திலேயே 3,000 முதல் 15,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விழலாம்.

பிடித்தம் என்பது முதலாளியின் கோபத்துக்கான வடிகால் அல்ல. தாமதமாக வந்தான், பிளேட்டை உடைத்தான், எதிர்த்துப் பேசினான் என்று 50 வெள்ளி பிடிக்கிற "ஃபைன்" முறைக்குச் சட்டத்தில் இடம் இல்லை. வராத நேரத்துக்கு அந்த நேரத்தின் சம்பளத்தைப் பிடிக்கலாம், அதற்கு மேல் அல்ல. பொருள் சேதத்துக்குப் பிடிக்க வேண்டும் என்றால் ஊழியரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்க வேண்டும். தவறு அவருடையதுதான் என்று உறுதியான பிறகு, அவருடைய ஒரு மாதச் சம்பளத்தில் 25 சதவீதம் வரைதான் பிடிக்கலாம். எல்லாப் பிடித்தமும் சேர்ந்து பொதுவாக அந்த மாதச் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. வேலைக்கு வராததற்கான பிடித்தமும் கொடுத்த கடனைத் திருப்பி எடுப்பதும் இந்தப் பாதிக் கணக்கில் சேராது.

மத்திய சேமநிதி (மசேநி)

சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மாதம் 50 வெள்ளிக்கு மேல் சம்பளம் கொடுத்தாலே முதலாளி பங்கு கட்ட வேண்டும். 55 வயது வரை முதலாளி பங்கு 17 சதவீதம், ஊழியர் பங்கு 20 சதவீதம். சம்பளம் மிகக் குறைவாக இருந்தாலோ, புதிதாக நிரந்தரவாசி ஆகியிருந்தாலோ விகிதம் மாறும். மாதக் கடைசியில் கட்ட வேண்டியது, அடுத்த மாதம் 14ஆம் தேதி வரை பொறுப்பார்கள். அதைத் தாண்டினால் மாதத்துக்கு 1.5 சதவீதம் வட்டி.

குடும்பக் கடைகள் தவறவிடுவது எதை என்றால், சம்பளத்துக்கு நிற்கும் மனைவிக்கும் மகனுக்கும் தங்கைக்கும் மசேநி உண்டு. வாரக் கடைசியில் மட்டும் வரும் மாணவருக்கும் அப்படித்தான். "பார்ட் டைம்தானே" என்பது ஒரு காரணம் ஆகாது. வாரத்துக்கு 35 மணி நேரத்துக்குக் குறைவாக வேலை பார்ப்பவர் பகுதிநேர ஊழியர், அவருக்கு விடுப்பும் அந்த விகிதத்தில் உண்டு. இதுபோக, திறன் மேம்பாட்டுத் தீர்வை என்று ஒரு சிறு தொகை எல்லா ஊழியருக்கும், வெளிநாட்டவருக்கும் சேர்த்து, கட்ட வேண்டும்: சம்பளத்தில் 0.25 சதவீதம், குறைந்தது 2 வெள்ளி, அதிகபட்சம் 11.25 வெள்ளி.

விடுப்பும் எம்சியும் (மருத்துவச் சான்றிதழ்)

மூன்று மாதம் வேலை பார்த்தவருக்கு வருடாந்திர விடுப்பு உண்டு. முதல் ஆண்டு 7 நாள், பிறகு ஆண்டுக்கு ஒன்று கூடி 14 வரை. ஆறு மாதம் முடிந்தவருக்குச் சம்பளத்துடன் 14 நாள் நோய் விடுப்பு, மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் அந்த 14ஐயும் சேர்த்து 60 நாள். மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை படிப்படியாகக் கூடும். மகப்பேறு விடுப்பு, தந்தையர் விடுப்பு பற்றிய விவரங்கள் குழந்தையின் குடியுரிமையைப் பொறுத்து மாறும், தேவைப்படும்போது அமைச்சின் தளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

"கம்பெனி டாக்டர் எம்சி மட்டும்தான் செல்லும்" என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கும் சூப்பர்வைசர்களே, 2019 ஏப்ரலிலிருந்து அது இல்லை. பதிவு பெற்ற எந்த மருத்துவர் கொடுத்த எம்சியையும் ஏற்க வேண்டும். ஊழியர் பக்கத்தில் உள்ள கடமை, 48 மணி நேரத்துக்குள் தகவல் சொல்வது. அந்தத் தகவல் வாட்ஸ்அப்பில் வந்தால் அழிக்காமல் வைத்திருங்கள்.

அடிபட்டால்

வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம் 2019, நடைமுறைக்கு வந்தது 2020 செப்டம்பர் 1. உடலுழைப்பு வேலை செய்பவர் எல்லாருக்கும், சம்பளம் எவ்வளவு என்று பார்க்காமல், காப்புறுதி எடுத்தாக வேண்டும். மற்றவர்களில் மாதம் 2,600 வெள்ளி வரை வாங்குபவர்களுக்கு எடுக்க வேண்டும். வேலையில் அடிபட்டு ஒரு நாள் எம்சி கொடுத்தாலும், லைட் டியூட்டி (இலகுவான வேலை மட்டும்) என்று எழுதினாலும், அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும். தெரியவந்த நாளிலிருந்து 10 நாள்தான் அவகாசம்.

சில சூப்பர்வைசர்கள் காயம் பட்டவரோடு கிளினிக்குக்குள் போய், "டாக்டர், எம்சி வேண்டாம், ரூமில் ரெஸ்ட் எடுக்கட்டும்" என்று பேசுகிறார்கள். சேஃப்டி பதிவு கெட்டுவிடும் என்ற பயம் அது. இரண்டு வாரம் கழித்து விரல் சீழ் பிடித்து அறுவை சிகிச்சைக்குப் போகும்போது, மறைத்தது யார் என்ற கேள்விக்கு உங்கள் பெயர்தான் பதிலாக வரும். ஊழியரின் கவனக்குறைவால் நடந்தது என்றாலும் இழப்பீடு உண்டு. அதனால் யார் தப்பு என்று முதலில் ஆராய வேண்டியதில்லை. மருத்துவமனைக்கு அனுப்புங்கள், முதலாளிக்குச் சொல்லுங்கள், இடத்தைப் படம் எடுங்கள், என்ன நடந்தது என்று அன்றே எழுதுங்கள்.

வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் தனிநபருக்கும் தண்டனை உண்டு: 2,00,000 வெள்ளி வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை. ஹார்னஸ் (உயரத்தில் கட்டும் பாதுகாப்பு வார்) இல்லாமல் ஏறச் சொன்னவர் "ஓனர் அவசரப்படுத்தினார்" என்று சொன்னால் தப்பிக்க முடியாது. வெயிலுக்கும் விதி இருக்கிறது: காற்றின் ஈரமும் வெயிலும் சேர்த்து அளக்கும் வெப்பக் குறியீடு குறிப்பிட்ட அளவைத் தொட்டால், வெளியில் கடும் உடலுழைப்பு செய்பவர்களுக்கு மணிக்கொரு முறை நிழலில் ஓய்வு கொடுக்க வேண்டும்.

வேலையை முடித்துக்கொள்ளும்போது

ஒப்பந்தத்தில் நோட்டீஸ் காலம் எழுதியிருந்தால் அதுதான். எழுதவில்லை என்றால் சட்டம் சொல்வது: 26 வாரத்துக்குக் குறைவாக வேலை பார்த்தவருக்கு ஒரு நாள், இரண்டாண்டுக்குள் ஒரு வாரம், ஐந்தாண்டுக்குள் இரண்டு வாரம், அதற்கு மேல் நான்கு வாரம். இரு தரப்புக்கும் இது ஒன்றுதான்.

ஒழுங்கீனம் என்று சொல்லி நோட்டீஸ் இல்லாமல் நிறுத்துவதற்கு முன் முறையான விசாரணை நடத்த வேண்டும். விசாரணை முடியும்வரை ஒரு வாரம் வரை இடைநீக்கம் செய்யலாம், ஆனால் குறைந்தது பாதிச் சம்பளம் கொடுக்க வேண்டும். சூப்பர்வைசர் கோபத்தில் "நாளைக்கு வராதே" என்று சொல்லி அனுப்பியதை, ஊழியர் வேலைநீக்கம் என்று எடுத்துக்கொண்டு ஒரு மாதத்துக்குள் புகார் செய்யலாம். ஆளை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்பதை முதலாளி முன்கூட்டியே தெளிவாகச் சொல்லி வைப்பது நல்லது. என்னைக் கேட்டால் அது சூப்பர்வைசரிடம் இருக்கவே கூடாது.

கடைசிச் சம்பளத்துக்கும் நாள் கணக்கு உண்டு. நீங்கள் நிறுத்தினால் கடைசி வேலை நாளிலேயே, முடியாவிட்டால் 3 வேலை நாளுக்குள். அவர் நோட்டீஸ் கொடுத்து விலகினால் கடைசி நாளில். நோட்டீஸ் கொடுக்காமல் போனால் 7 நாளுக்குள். பெர்மிட்காரர் என்றால் பாக்கி எல்லாவற்றையும் கொடுத்த பிறகே ஊருக்கு அனுப்ப வேண்டும், பயணச் செலவும் உங்களுடையது. புகார் கொடுத்துவிடுவார் என்று பயந்து ராத்திரியோடு ராத்திரியாக விமானம் ஏற்றிவிடும் வேலை, சிறு பிரச்சினையைப் பெரிய வழக்காக்கும்.

புகார் கடிதம் வந்தால்

சம்பளப் புகார்கள் முதலில் முத்தரப்புச் சச்சரவு நிர்வாகக் கூட்டணிக்கு, அதாவது எல்லாரும் டாடெம் என்று சொல்லும் அமைப்புக்குப் போகும். வேலையில் இருப்பவர் ஓராண்டுக்கு முந்தைய பாக்கி வரை கேட்கலாம். விலகியவர் ஆறு மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். அங்கே சமரசம் பேசுவார்கள், பெரும்பாலும் அங்கேயே முடித்துக்கொள்வது இரு தரப்புக்கும் லாபம். கடிதம் வந்ததும் ஊழியரைத் தனியாகக் கூப்பிட்டு மிரட்டவோ, டார்மிட்டரி நண்பர்கள் மூலம் தூது விடவோ வேண்டாம். சூப்பர்வைசரையும் உட்கார வைத்து, அந்த மாதங்களின் டைம்ஷீட், பே ஸ்லிப், வங்கிப் பதிவு, ஐபிஏ, வாட்ஸ்அப் செய்திகள் ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்குங்கள். கணக்கில் நிஜமாகவே குறை இருந்தால் சமரசப் பேச்சுக்கு முன்பே எவ்வளவு என்று போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சமரசம் ஆகாவிட்டால் வேலை நியமன உரிமைக் கோரிக்கை நடுவர் மன்றம். 2017 ஏப்ரலிலிருந்து இயங்குகிறது. அங்கே யாரும் வக்கீல் வைத்துக்கொள்ள முடியாது, முதலாளியும் ஊழியரும் நேரில் பேச வேண்டியதுதான். தாள்களின் மூலப் பிரதியோடு ஒரு நகலையும் கொண்டுபோங்கள். ஓடி நேரத்தை எழுதிய சூப்பர்வைசர் இன்னும் உங்களிடம் வேலை பார்க்கிறார் என்றால் அவரையும் அழைத்துப் போங்கள், ஏனென்றால் அந்த நேரங்களைப் பற்றிக் கேள்வி வந்தால் அவரால்தான் பதில் சொல்ல முடியும்.